மார்ஷல் ஒன்பது வருடம் ஒளித்து வைத்த நகர்த்தல்?

செஸ் ஆடுபவர்கள் கூடும் இடங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1909-ல் அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் ஃபிராங்க் மார்ஷல், கியூபாவிலிருந்து வந்த 20 வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு போட்டித் தொடரில் கேவலமாகத் தோற்றுப் போகிறார். வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு, அவனை வீழ்த்த ஒரு பயங்கரமான தாக்குதலைக் கண்டுபிடிக்கிறார். அதை யாரிடமும் காட்டவில்லை, எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, ஒன்பது வருடம்! 1918-ல் அந்தப் பையன் சரியான இடத்தில் வந்து மாட்டியதும் பெட்டியைத் திறந்து ஆயுதத்தை எடுத்து வீசுகிறார். அவனோ அதை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்றாலும், பலகை முன்னால் உட்கார்ந்தபடியே யோசித்து யோசித்து அத்தனையையும் தடுத்து ஜெயித்துவிடுகிறான்.

பழிவாங்கல், ரகசியம், கிளைமாக்ஸில் மேதையின் வெற்றி. சினிமாவுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஆட்டம் நடந்தது உண்மை, தாக்குதல் உண்மை, முடிவும் உண்மை. அந்த ஒன்பது வருட ரகசியம்தான் கொஞ்சம் இடிக்கிறது. அதற்குப் போகும் முன் ஆட்களைப் பார்த்துவிடுவோம்.

ஃபிராங்க் மார்ஷல் பிறந்தது 1877-ல், நியூயார்க்கில். தாக்குதல் என்றால் உயிர். நிலைமை மோசமாக இருந்தாலும் எங்கிருந்தோ ஒரு பொறியைக் கிளப்பி எதிராளியைக் கவிழ்த்துவிடுவார். 1904-ல் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் நடந்த பெரிய போட்டியில் உலக சாம்பியன் லாஸ்கரையே பின்னுக்குத் தள்ளி முதல் பரிசு வாங்கியவர். ஆனால் ஒரே ஆளோடு தொடர்ந்து பல ஆட்டங்கள் ஆடும் மேட்ச் என்று வந்தால் கதை வேறு. 1907-ல் அதே லாஸ்கரோடு உலகப் பட்டத்துக்காக மோதி, 15 ஆட்டத்தில் 8 தோல்வி, 7 டிரா. ஒரு வெற்றிகூட இல்லை. பொறி வைத்துப் பிடிப்பவர்களுக்கு இது வழக்கமான பிரச்சினைதான். ஒரே எலி தினமும் வந்தால் பொறி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

கியூபாக்காரர் ஹொசே ராவுல் கபபிளாங்கா. 1888-ல் ஹவானாவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் வந்து, படிப்பை விட செஸ் கிளப்பில் அதிக நேரம் கழித்தவர். (இதைப் படிக்கும் சிலருக்கு இந்த இடத்தில் தைரியம் வரலாம். வேண்டாம், அவர் கபபிளாங்கா.) மார்ஷலுக்கு நேர் எதிரான ஆள். ஆரவாரம் கிடையாது, அலட்டல் கிடையாது. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது மாதிரி காய்கள் தாமாகவே சரியான கட்டத்துக்குப் போய் உட்காரும். ஓப்பனிங்குகளை மனப்பாடம் செய்வதில் பெரிய அக்கறை காட்டியவரும் இல்லை. 1909 மேட்சில் மொத்தம் 23 ஆட்டம். கபபிளாங்கா 8 ஜெயித்தார், மார்ஷல் 1, மீதி 14 டிரா.

1918 அக்டோபரில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது நிலைமை இன்னும் ஒருபக்கமாக இருந்தது. 1916-ல் சாயஸ் என்பவரிடம் ஒரு ஆட்டம் தோற்ற பிறகு கபபிளாங்கா தோற்கவே இல்லை. அந்த வரிசை 1924 வரை நீண்டு, கடைசியில் ரெட்டி என்பவர்தான் அதை உடைத்தார் (நம்ம ஊர் ரெட்டி அல்ல, செக்கோஸ்லோவாகியாக்காரர்). ஆக எட்டு வருடத் தோல்வியின்மையின் நடுவில் இருக்கும் ஒருவரைத்தான் மார்ஷல் எதிர்கொள்கிறார். அப்போது முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது, ஊரில் இன்ஃபுளூயன்சா பரவிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் நியூயார்க்கில் ஒரு சின்னப் போட்டி, ஏழே பேர். அக்டோபர் 23-ம் தேதி கபபிளாங்காவுக்கு வெள்ளை, மார்ஷலுக்குக் கருப்பு.

ஆட்டம் ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் தொடங்கியது. 16-ம் நூற்றாண்டு ஸ்பெயின் பாதிரியார் ஒருவரின் பெயர் அது. வெள்ளை ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும், கருப்பும் அப்படியே செய்யும். இருவரும் ஒரு குதிரையை வெளியே எடுப்பார்கள். அடுத்து வெள்ளையின் பிஷப் போய் கருப்புக் குதிரையைக் குறிவைக்கும். அந்தக் குதிரைதான் கருப்பின் நடுச் சிப்பாய்க்குக் காவல். அதாவது நேரடியாக அடிக்காமல் காவல்காரனை மிரட்டுவது. அவசரமே இல்லாமல் மெல்ல மெல்ல நெரிக்கும் ஓப்பனிங். கருப்பு ஆடுபவர்கள் பெரும்பாலும் பொறுமையாகக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து மூச்சுத் திணறுவார்கள். அது கபபிளாங்காவுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

(கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்கு: நெட்டு வரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கிடை வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. இது போதும்.)

ஏழு நகர்த்தல் வரை எல்லாம் வழக்கம் போல. எட்டாவதாக வெள்ளை சி3-க்கு ஒரு சிப்பாயைத் தள்ளியது. அடுத்து டி4-ல் ஒரு சிப்பாயை நிறுத்தி நடுப்பகுதியைப் பிடிப்பதற்கான ஏற்பாடு. இங்கே கருப்பு அடக்கமாக டி6-க்குச் சிப்பாயைத் தள்ளி இ5 சிப்பாயைக் காக்க வேண்டும். மார்ஷல் டி6-ல் நிறுத்தவில்லை. இரண்டு கட்டம் தள்ளி டி5-ல் வைத்தார்.

பூட்ட வேண்டிய கதவை விரியத் திறந்து வைத்த மாதிரி. சிப்பாய்களும் குதிரைகளும் அடிபட்ட பிறகு, 11-வது நகர்த்தலில் வெள்ளை யானை இ5-ல் இருந்த கருப்புக் குதிரையைத் தின்றுவிட்டு நிற்கும். கருப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம். பதிலுக்கு என்ன கிடைத்தது? பலகையைப் பார்த்தால் தெரியும். வெள்ளையின் இடது பக்கத்தில் ஏ1-ல் யானை, பி1-ல் குதிரை, சி1-ல் பிஷப், மூன்றும் கடை திறக்காத வியாபாரிகள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. கருப்பின் காய்கள் எல்லாம் வெள்ளை ராஜாவை நோக்கிப் பாயத் தயார். கணக்குப் பதிவு பாஷையில் சொன்னால், ஒரு சிப்பாயைச் செலவு என்று எழுதாமல் முதலீடு என்று எழுதியிருக்கிறார் மார்ஷல். வருமானம் வருமா என்பதுதான் கேள்வி.

அந்தச் சிப்பாயைத் தின்னாமலே விட்டிருக்கலாம் கபபிளாங்கா. வேறு அடக்கமான வழிகள் இருந்தன. மூன்று வருடம் கழித்து 1921-ல் எழுதிய 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' புத்தகத்தில் இந்த ஆட்டத்தைச் சேர்த்து, அந்த நிமிடத்தில் மனதில் ஓடியதையும் சொல்லியிருக்கிறார். எதிராளி இதை வீட்டில் அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்துத்தான் வந்திருப்பார், கடுமையான தாக்குதல் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தன்னுடைய திறமைக்கே சவால் விடுகிறார்கள் என்று தோன்றியதாம். அதை ஏற்காமல் ஒதுங்குவது மரியாதை இல்லை, தவிர இந்த நிலையைக் காப்பாற்ற முடியும் என்று தன் கணிப்பும் சொல்கிறது, ஆகவே எடுத்துவிட்டேன் என்கிற பொருளில் எழுதுகிறார்.

இந்த ஆட்டத்திலேயே பெரிய விஷயம் இதுதான், பின்னால் வரும் வாணவேடிக்கை அல்ல. ஒரு பக்கம் எல்லாம் படித்துவிட்டு வந்தவர், மறுபக்கம் கேள்வித்தாளை அப்போதுதான் பார்க்கிறவர். பார்க்கிறவர் சாய்ஸில் விட வேண்டிய கேள்வியை வேண்டுமென்றே எழுத உட்காருகிறார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு குழி இருக்கிறது.

கருப்புக் குதிரை எஃப்6-க்குத் திரும்பி, அடுத்து ஜி4-க்குப் பாய்கிறது. எச்3-ல் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் அதை அப்படியே தின்னலாம். தின்றால் கருப்பு ராணி எச்4 வழியாக உள்ளே புகுந்து ராஜாவை வீட்டைவிட்டுத் துரத்திவிடும். கபபிளாங்கா தொடவில்லை, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பார்த்தால் மூலையில் ஏ8-ல் கருப்பு யானை காவலே இல்லாமல் நிற்கிறது. மார்ஷல் அதைக் கண்டுகொள்ளாமல் ராணியை எச்4-ல் வைக்கிறார். ஒரு முழு யானை இலவசம்! எடுத்தால் கருப்பு ராணி எஃப்2 சிப்பாயைத் தின்று செக், அடுத்து இ1 யானையைத் தின்று மேட். அவ்வளவுதான் ஆட்டம்.

கபபிளாங்கா அதையும் தொடவில்லை. டி4-க்குச் சிப்பாயைத் தள்ளினார். தூங்கிக்கொண்டிருந்த சி1 பிஷப்புக்கு வழி திறந்தது. மார்ஷல் குதிரையால் எஃப்2 சிப்பாயைத் தின்றார். இப்போது வெள்ளை ராணி அந்தக் குதிரையைத் தின்னலாமா? இது ரொம்ப அழகான இடம். தின்றால் கருப்பு பிஷப் நேராக ஜி3-க்கு வந்து ராணியை மிரட்டத் தோன்றும். அப்படி வந்தால் வெள்ளை ராணி எஃப்7 சிப்பாயைத் தின்று செக் வைக்கும், யானை ராணியைத் தின்னும், வெள்ளை யானை இ8-க்குப் போய் மேட்! கருப்பே கவிழ்ந்துவிடும். ஆனால் மார்ஷல் முதலில் பிஷப்பை எச்2-ல் வைத்து செக் கொடுத்து, வெள்ளை ராஜாவை எஃப்1-க்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகு ஜி3-க்கு வந்தால் நிலைமையே வேறு. ராணி எஃப்7-ஐத் தின்றால் திருப்பித் தின்னும் யானை எஃப்1-ல் நிற்கும் ராஜாவுக்கே செக் கொடுக்கும். மேட் வைக்க வெள்ளைக்கு நேரம் கிடையாது, ராணி போனது போனதுதான். ஒரே ஒரு செக் முன்னால் பின்னால் வந்தால் வெற்றி தோல்வி இடம் மாறிவிடுகிறது. இதையெல்லாம் கடிகாரம் ஓட ஓட, முதல் தடவை பார்க்கும் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்.

கபபிளாங்கா குதிரையைத் தின்னவில்லை. யானையை இ2-க்கு ஏற்றினார். அதன் பிறகும் மார்ஷல் விடவில்லை. ஒரு பிஷப்பை ஜி4-ல் பலி கொடுத்தார், இன்னொரு பிஷப்பால் செக் வைத்தார், குதிரையை யானைக்குக் கொடுத்து அந்த யானையைப் பிடித்தார், ராணியை எச்1 வரை இறக்கினார். வெள்ளை ராஜா ஜி1-லிருந்து எஃப்1, அங்கிருந்து இ2, டி3, கடைசியில் சி2 என்று கோட்டையை விட்டு நடையாய் நடந்து பலகையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே போனதும் திடீரென்று அமைதி. செக் எல்லாம் தீர்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் கருப்பிடம் கூடுதலாக ஒரு யானை, வெள்ளையிடம் அதற்குப் பதில் கூடுதலாக ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும். லாபம் வெள்ளைக்கு.

மீதி எல்லாம் கபபிளாங்காவின் சொந்த ஊர். இடது பக்கச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஏ1-ல் 30 நகர்த்தல் வரை அசையாமல் இருந்த யானை, 31-வது நகர்த்தலில் முதல்முறையாகப் புறப்பட்டு ஒரே பாய்ச்சலில் ஏ6-க்குப் போனது. பி1 குதிரை தன் முதல் அடியை 32-வதில் எடுத்து வைத்தது. எந்தக் காய்கள் தூங்குகின்றன என்பதை நம்பி மார்ஷல் சிப்பாயை முதலீடு செய்தாரோ, அந்தக் காய்களே கடைசியில் எழுந்து வந்து கணக்கை முடித்தன. பி வரிசைச் சிப்பாய் ஏழாம் வரிசை வரை வந்து ராணி ஆவதற்கு ஒரு அடி பாக்கி இருக்கும்போது, 36-வது நகர்த்தலில் பிஷப் எஃப்7-ல் அடிக்க ஆட்டம் முடிந்தது. போட்டியில் கபபிளாங்கா தோல்வியே இல்லாமல் முதலிடம்.

சரி, இப்போது அந்த ஒன்பது வருட ரகசியம்.

முதல் இடைஞ்சல், மார்ஷலே 1917-ல், அதாவது முந்தைய வருடமே, வால்டர் ஃப்ரியர் என்பவருக்கு எதிராக இதே யோசனையைக் கொஞ்சம் வேறு வரிசையில் ஆடி ஜெயித்திருக்கிறார். ஒன்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்தவர் கடைசி வருடத்தில் போய் வேறு ஒருவரிடம் காட்டுவாரா? இரண்டாவது, இதே மாதிரியான நகர்த்தல் 1893-லேயே ஒரு ஆட்டத்தில் வந்திருக்கிறது. அப்போது கபபிளாங்கா சின்னக் குழந்தை. மூன்றாவதுதான் முக்கியம். செஸ் வரலாற்று ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வின்டர் பழைய ஆட்டங்களைத் தோண்டிப் பார்த்து, 1910-க்கும் 1918-க்கும் இடையில் கபபிளாங்காவுக்கு எதிராகவே இதை ஆடிப் பார்க்கத் தெளிவான வாய்ப்புகள் மார்ஷலுக்குக் கிடைத்தன, அவர் ஆடவில்லை என்று காட்டியிருக்கிறார். ஆயுதம் கையில், எதிரி முன்னால், ஆனாலும் எடுக்கவில்லை என்றால், அப்போது ஆயுதமே இல்லை என்பதுதான் நியாயமான அர்த்தம்.

வீட்டில் தயார் செய்துகொண்டு வந்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. கபபிளாங்காவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் சில மாதங்களோ ஒரு வருடமோ ஆன தயாரிப்புக்கும், ஒன்பது வருட வஞ்சத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. மார்ஷல் கதைகளை ஈர்க்கும் ஆள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1912-ல் பிரெஸ்லாவ் நகரில் லெவிட்ஸ்கி என்பவருக்கு எதிராக ராணியை மூன்று விதமாகத் தின்னக்கூடிய இடத்தில் வைத்து ஜெயித்தாரே, அப்போது பார்வையாளர்கள் பலகை மீது தங்கக் காசுகளை வாரி இறைத்தார்கள் என்று இன்னொரு கதை. அதை நம்பாதவர்களும் நிறையப் பேர் உண்டு.

வஞ்சக் கதையில் நிஜமாகவே அடிபடுவது மார்ஷலின் குணம். 1909-ல் தோற்ற மார்ஷல் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? 1911-ல் ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் நகரில் ஒரு பிரமாதமான போட்டி. பெரிய போட்டிகளில் முன்வரிசையில் வந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. கபபிளாங்கா மேட்சில் ஜெயித்திருந்தாரே தவிர அந்த மாதிரிப் போட்டி எதிலும் ஆடியதில்லை, விதிப்படி தகுதி இல்லை. அவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் மார்ஷல்! பெர்ன்ஸ்டைன் என்ற ஆட்டக்காரர் முணுமுணுத்தார். முதல் சுற்றிலேயே அவரைத் தோற்கடித்துவிட்டு, போட்டியையும் ஜெயித்து, கபபிளாங்கா ஒரே நாளில் உலகத் தரத்துக்கு உயர்ந்தார். தன்னை 8-1 என்று உதைத்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மனிதரை, ஒன்பது வருடம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவராக ஆக்கியிருக்கிறது கதை. கேட்க சுவாரஸ்யமாக இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல மனிதர் மீது போட்ட பழி.

ஆனால் மார்ஷலுக்குக் காலம் வேறு விதத்தில் நியாயம் செய்தது. தோற்றுப்போன ஆட்டத்தின் ஓப்பனிங்குக்கு வெற்றியாளர் பெயர் வரவில்லை. அதற்குப் பெயர் இன்றைக்கும் மார்ஷல் அட்டாக்.

ஒரே ஒரு மாற்றம்தான் தேவைப்பட்டது. 11-வது நகர்த்தலில் மார்ஷல் டி5-ல் நின்ற குதிரையைப் பின்வாங்கினார். பின்னால் வந்தவர்கள் குதிரையை அங்கேயே விட்டுவிட்டு, சி6-க்கு ஒரு சிப்பாயைத் தள்ளி அதற்குக் காவல் போட்டார்கள். பார்ப்பதற்கு ரொம்பச் சாதுவான நகர்த்தல். ஆனால் நடுவில் குதிரை அசையாமல் நிற்க, பிஷப் டி6-க்கு வந்து யானையை விரட்ட, ராணி எச்4-க்கும் எச்3-க்கும் போக, வெள்ளை ராஜாவின் முன் உள்ள சிப்பாய்கள் கலைந்து பலவீனமாகிவிடும். மார்ஷல் பத்து நகர்த்தலில் மேட் வைக்கப் பார்த்தார். புது ஆட்டத்தில் அந்த அவசரம் இல்லை. ஒரு சிப்பாய் குறைந்தாலும் நெருக்கடி 30, 40 நகர்த்தல் வரை நீடிக்கும். உடனடி லாபம் தேடிய முதலீடு நீண்டகால வைப்பாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1965-ல் திபிலிசி நகரில் உலகப் பட்டத்துக்கான தகுதி இறுதிப் போட்டி. தாக்குதலின் மறுபெயர் என்று சொல்லப்படும் மிகயில் தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி எடுத்தது இந்த மார்ஷலைத்தான். தாலுக்குத் தாக்கப் பிடிக்கும், தற்காக்கப் பிடிக்காது. அவரை ஒரு சிப்பாய் லாபத்தோடு தற்காக்க வைத்தார் ஸ்பாஸ்கி! தால் திணறினார். மேட்ச் 7-4 என்று ஸ்பாஸ்கிக்குப் போனது. அதற்கப்புறம் இந்த ஓப்பனிங்குக்கு இருந்த மரியாதையே வேறு. 1993-ல் ஷார்ட்டோடு மோதிய காஸ்பரோவ்கூட எட்டாவது நகர்த்தலில் ஏ4 ஆடி மார்ஷலுக்கு இடமே கொடுக்காமல் ஒதுங்கினார். இப்படி ஒதுங்குவதற்கென்றே ஆன்டி-மார்ஷல் என்று ஒரு தனி இலக்கியம் வளர்ந்துவிட்டது. ஆடாமலேயே மிரட்டும் ஓப்பனிங்குகள் நிறைய இல்லை.

கடைசியாக ஒரு ஆட்டம். 2004 அக்டோபர், சுவிட்சர்லாந்தின் பிரிஸாகோ. உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் (2008-ல் பான் நகரில் நம் ஆனந்திடம் தோற்றாரே, அவரேதான்) வெள்ளை. கருப்பு 25 வயது ஹங்கேரிக்காரர் பீட்டர் லேகோ. 14 ஆட்ட மேட்சில் எட்டாவது ஆட்டம், அதுவரை 3.5-3.5. லேகோ மார்ஷல் அட்டாக் ஆடினார்.

இந்த முறை வேடம் மாறியிருந்தது. வீட்டில் தயார் செய்துகொண்டு வந்தவர் வெள்ளை! கிராம்னிக்கின் குழு கணினியை வைத்து ஆராய்ந்து வைத்திருந்த வரிசை அது. 24-வது நகர்த்தலில் கிராம்னிக் தன் ராணியையே ஒரு யானைக்காகக் கொடுத்தார். பதிலுக்கு ஏ வரிசைச் சிப்பாய் ஒன்று ராணி ஆக ஓட ஆரம்பித்தது. கணினியின் கணக்குப்படி வெள்ளைக்குத்தான் சாதகம். தடுக்க ஆள் இல்லை, இரண்டே எட்டு.

லேகோ கேள்வித்தாளை அப்போதுதான் பார்க்கிறவர். 1918-ல் கபபிளாங்கா உட்கார்ந்த நாற்காலி அது. யோசித்தார், ரொம்ப நேரம். பிறகு ஓடும் சிப்பாயை ஏறெடுத்தும் பார்க்காமல் ராணியை டி3-ல் கொண்டுவந்து வைத்தார். சிப்பாய் ராணி ஆகட்டும், ஆகி செக்கும் வைக்கட்டும். அதற்குள் கருப்பு ராணியும் பிஷப்பும் குதிரையும் சேர்ந்து வெள்ளை ராஜாவை மூலைக்குத் தள்ளி மேட் வைத்துவிடும். அந்த 25-வது நகர்த்தல் வரைக்கும் கணினியை ஓடவிட்டு யாரும் பார்க்கவில்லை. ஏழே நகர்த்தல் கழித்து, 32-வதில் கிராம்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

86 வருடம் கழித்து மார்ஷலின் ஓப்பனிங் உலக சாம்பியனைச் சாய்த்தது. ஆனால் சாய்த்த விதம் என்னவோ கபபிளாங்காவுடையது. அந்த மேட்சில் லேகோ 13 ஆட்டம் வரை முன்னிலையில் இருந்தார். ஒரு டிரா எடுத்தால் உலகப் பட்டம் என்ற நிலையில் கடைசி ஆட்டத்துக்குக் கருப்புக் காய்களோடு உட்கார்ந்தவர், மார்ஷலுக்குப் போகாமல் காரோ-கான் என்ற தற்காப்பை எடுத்தார். கிராம்னிக் ஜெயித்தார். மேட்ச் 7-7, பட்டம் பழைய சாம்பியனிடமே தங்கிவிட்டது.